களத்து மிளகாயும் கடல் கடந்த சட்டமும்

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

நம் நாட்டு நறுமணப் பொருள்களை நாடி வெளிநாட்டார் கப்பலேறி வந்த காலம் ஒன்று உண்டு. அன்று வாங்க வந்தவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு விலை பேசினார். கண்ணும் மூக்கும் நாவுமே அந்நாளைய ஆய்வுக்கூடம். இன்றோ, நம் மிளகாய் வற்றலை ஐரோப்பாவில் வாங்குகிறவர் முதலில் காண்பது வற்றலை அன்று, ஒரு தாளை. அந்தத் தாளில் உள்ள சில எண்கள் சரியாக இருந்தால் சரக்கு துறைமுகத்தைத் தாண்டும். இல்லையேல் அங்கேயே நின்றுவிடும். அந்த எண்கள் எவை, அவற்றைச் சரியாக்க ஏற்றுமதியாளருக்கு உதவுகிறவர்கள் செய்யும் வேலைதான் என்ன என்பதை எனக்குத் தெரிந்த அளவில் எழுத முற்படுகிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று நண்பர்கள் கேட்கலாம். என் சித்தப்பா மகன் தூத்துக்குடியில், உணவுப் பொருள் ஏற்றுமதியாளர்களுக்கு ஆலோசனை கூறும் சிறு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். சென்ற இரண்டு கோடை விடுமுறைகளிலும் அங்கே எடுபிடி வேலை பார்த்தேன். கிட்டங்கியில் மாதிரி எடுக்கும்போது பையைப் பிடிப்பது, எண் எழுதி ஒட்டுவது, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது, வாங்கி வருவது. இவ்வளவுதான் என் அனுபவம். ஆயினும் நான்கு சுவர்களுக்குள் படித்த வேதியியலுக்கும் நாலு ஊர் சுற்றிப் பார்த்த வேதியியலுக்கும் இடையே உள்ள தூரத்தை அங்கேதான் உணர்ந்தேன்.

மிளகாய் வற்றலைப் பொறுத்தவரை முதல் பகைவன் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு. இதன் கதை 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே பண்ணைகளில் வளர்த்த வான்கோழிகள் ஓர் இலட்சத்துக்கு மேல் காரணம் தெரியாமல் மடிந்தன. நோய்க்குப் பெயர் வைக்கவும் தெரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றே அழைத்தார்கள். தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கும், அதில் படர்ந்திருந்த ஒரு பூசணமும் காரணம் என்று தெரிந்தது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் அந்தப் பூசணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் பிறந்தது. புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்வதை ‘பி’ என்றும், பச்சையாக ஒளிர்வதை ‘ஜி’ என்றும் பிரித்தார்கள். இவற்றுள் பி-1 என்பது கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் அழியாது. பூசணத்தைத் தட்டித் துடைத்துவிட்டால் கண்ணுக்கு வற்றல் நன்றாகத்தான் தோன்றும். நஞ்சு உள்ளேயே இருக்கும்.

இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய் வற்றலில் விதித்துள்ள எல்லை, பி-1 மட்டும் ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். எல்லா வகையும் சேர்த்து 10 மைக்ரோகிராம். அமெரிக்காவில் உணவுப் பொருள்களுக்கு மொத்தம் 20 வரை பொறுத்துக்கொள்கிறார்கள். இந்த 10 என்பது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு டன் மிளகாய் வற்றலில் 10 மில்லிகிராம். ஒரு நெல்லரிசியின் எடையில் பாதிகூட இல்லை! ஒரு டன் வற்றல் என்றால் ஓர் அறையின் மூலையில் கூரையைத் தொடும் குவியல். அத்தனையிலும் பரவிக் கிடக்கும் அரை அரிசி எடையைக் கண்டுபிடித்து அளக்க வேண்டும். நம் கல்லூரித் தராசு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் என்று பெருமைப்பட்டுக் கொள்கிறோம். அங்கே பேச்சு அதற்கும் கீழே.

பரவிக் கிடக்கும் என்றேன். அப்படிச் சீராகப் பரவிக் கிடந்தால் தொல்லையே இல்லை. பூசணம் எல்லா வற்றலையும் பிடிப்பதில்லை. ஆயிரம் வற்றல் தூய்மையாக இருக்கும். ஈரம் பட்ட ஒன்று இரண்டில் மட்டும் நஞ்சு குவிந்திருக்கும். ஒரே கிட்டங்கியில், ஒரே நாளில் எடுத்த இரண்டு மாதிரிகளில் ஒன்று தேறுவதும் மற்றொன்று தவறுவதும் இதனால்தான். ஆகவே ஐரோப்பிய விதி, 15 டன்னுக்கு மேற்பட்ட சரக்கில் 100 இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, 20 கிலோவாகச் சேர்த்து, அதை அரைத்துக் கலந்து, பிறகே ஆய்வுக்கு எடுக்கச் சொல்கிறது. நான் பை பிடித்தது இந்த வேலைக்கே. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்ற நம் கணக்கு வெந்த சோற்றுக்குப் பொருந்தும், பூசணத்துக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு கேள்வி எழும். எப்படியும் ஏற்றுமதிக்கு முன் சோதிக்கிறார்களே, அது போதாதா? நறுமணப் பொருள் வாரியம் தன் ஆய்வுக்கூடங்களில் மிளகாயைச் சோதித்துச் சான்று தருகிறது. தூத்துக்குடியிலும் அதற்கு ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. போதாது என்பதே என் அண்ணன் முதல் நாள் எனக்குச் சொன்ன பாடம். “சோதனை வத்தலைச் சுத்தம் பண்ணாதுடா. கெட்டுப் போச்சுங்கிற சேதியை மட்டும்தான் சொல்லும்” என்றார். சேதி தெரியும்போது வற்றல் வாங்கியாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது.

இந்தப் பாடத்தை நம் கடற்கரையில் முதலில் கற்றவர்கள் மிளகாய்க்காரர்கள் அல்லர், இறால்காரர்கள். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டில், நோய்க்கிருமிகள் காணப்பட்டதைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஆணையம் இந்தியக் கடலுணவு இறக்குமதியை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவும் கடலுணவுக்கு ‘ஹாசாப்’ என்னும் முறையைக் கட்டாயமாக்கியது. இது 1960-களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது உருவான முறை. வானத்தில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது? செய்த உணவு முழுவதையும் சோதித்தால் உண்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே முடிவில் சோதிப்பதை நம்பியிராமல், எந்தெந்தக் கட்டத்தில் கேடு நுழையும் என்று முன்பே கண்டறிந்து அந்தக் கட்டத்திலேயே காவல் வைத்தார்கள். இறால் பதனிடும் ஆலைகள் தரையை மாற்றின, தண்ணீரை மாற்றின, பனிக்கட்டியை மாற்றின, ஒவ்வொரு மணிக்கும் வெப்பநிலையைக் குறித்து வைக்கப் பழகின. ஆலை ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அது கடினமானாலும் முடிந்தது.

மிளகாய்க்குக் கூரை ஏது? இராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிறார்கள். தை, மாசி தொடங்கிப் பழம் பறிக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் இந்த மண்ணுடையது. பறித்த பழம் காய வேண்டுமே! சிமெண்டுக் களம் உள்ளவர் சிலர். மற்றவர்களுக்கு மண் தரையும் சாலை ஓரமுமே களம். பத்துப் பதினைந்து நாள் வெயிலில் கிடக்கும். பகலில் காய்ந்தது இரவில் பனி குடிக்கும். கோடை மழை ஒன்று வந்துவிட்டால், கூட்டிக் குவித்துக் கிடைத்ததைக் கொண்டு மூடுவார்கள். குவியலுக்குள் வெப்பமும் ஈரமும் சேரும். பூசணத்துக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. ஈரம் 10 அல்லது 11 விழுக்காட்டுக்குள் இறங்கினால்தான் அது அடங்கும்.

நான் கண்டவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதற்கு அடுத்த கட்டம். நன்றாகக் காய்ந்து வந்த வற்றலின்மேல் மண்டியில் தண்ணீர் தெளிக்கிறார்கள். முதன்முறை பார்த்தபோது எடைக்காகச் செய்யும் தந்திரம் என்றே எண்ணினேன். எடையும் ஒரு காரணந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கிருந்த வியாபாரி ஒருவர் வேறொன்று சொன்னார்: “தம்பி, தண்ணி தெளிக்காம மிதிச்சுக் கட்டுனா வத்தல் நொறுங்கிப் போகும். விதை எல்லாம் சாக்குக்கு வெளிய வந்துரும். நொறுங்குன வத்தலுக்கு எவன் விலை தருவான்?” அவர் சொல்வது பொய்யன்று. முழு வற்றலுக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை. சந்தையின் விலைப்பட்டியலே தண்ணீர் தெளிக்கச் சொல்லும்போது, ‘தெளிக்காதே’ என்று சுவரில் எழுதி ஒட்டிப் பயன் என்ன?

என் அண்ணனின் அலுவலகம் செய்யும் உதவி உண்மையில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் அச்சான விதியைப் படித்துச் சொல்வது எளிது. ஒரு நாளில் முடியும். அந்த விதியை மண்டிக் கணக்காகவும் களத்து வேலையாகவும் மாற்றுவதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன. ஏற்றுமதியாளரிடம் அவர்கள் முதலில் கேட்பது ஆலையின் படத்தை அன்று. ‘யாரிடம் வாங்குகிறீர்கள்’ என்பதையே. பெரும்பாலும் பதில் ‘மண்டியில்’ என்பதோடு நின்றுவிடும். மண்டியில் முப்பது நாற்பது பேருடைய வற்றல் ஒன்றாகக் கொட்டித் தரம் பிரிக்கப்படுகிறது. ஒருவர் களத்து ஈரம் அத்தனை பேர் சரக்கையும் கெடுக்கும். கெட்ட பிறகு அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐரோப்பிய உணவுச் சட்டமோ, 2005-ஆம் ஆண்டு முதல், அங்குள்ள ஒவ்வொரு நிறுவனமும் யாரிடம் வாங்கியது, யாருக்கு விற்றது என்பதைக் காட்ட வேண்டும் என்கிறது. அங்குள்ளவர் அந்தக் கேள்வியை இங்குள்ளவரிடம் கேட்கிறார். இங்குள்ளவர் மண்டியைப் பார்க்கிறார். மண்டிக்காரர் வானத்தைப் பார்க்கிறார்.

ஆகவே, கலக்காமல் வாங்குவது, ஒவ்வொரு விவசாயியின் சாக்குக்கும் ஒரு எண் கட்டுவது, வாங்கும் இடத்திலேயே ஈரமானி வைத்துப் பார்ப்பது, சாக்கைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின்மேல் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உடையாமல் இருக்க வேண்டுமானால் வெயில் ஏறுமுன், காலைப் பதத்தில் கட்டச் சொல்கிறார்கள். தூளாக அரைக்கப் போகிற வற்றல் உடைந்தால்தான் என்ன குறை என்று வாங்குபவரிடம் வாதாடி, உடைந்ததற்கு விலை குறைக்காமல் ஒப்பந்தம் எழுதச் செய்கிறார்கள். இந்தக் கடைசி வேலை எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் தண்ணீர் வாளியை மண்டியிலிருந்து அகற்றக்கூடியது அது ஒன்றே என்பது என் கருத்து.

மிளகாய்க்கு வந்த இன்னொரு சோதனை சாயம். சூடான்-1 என்பது எண்ணெய்க்கும் மெழுகுக்கும் காலணி மெருகுக்கும் நிறமூட்டும் ஒரு சிவப்புச் சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில், இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருளில் இது கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஆணையம், சாயம் இல்லை என்ற சான்று இல்லாமல் மிளகாய் உள்ளே வரக்கூடாது என்று ஆணையிட்டது. அதன் பின்னும் 2005-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பழைய மிளகாய்த் தூள் கலந்த ஒரு சாறு வகையின் மூலம் பரவி, பிரிட்டனில் நானூறுக்கு மேற்பட்ட உணவு வகைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பூசணம் கவனக்குறைவால் வருவது. சாயம் கை வைத்துச் சேர்ப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது முறையன்று. வெளுத்துப் போன வற்றலைச் சிவப்பாக்கி விற்ற ஒருவர் செய்ததற்கு, சாயத்தைக் கண்ணாலும் கண்டிராத ஆயிரம் பேர் சான்றுக்குக் கட்டணம் கட்டுகிறார்கள்.

நாட்டுக்கு நாடு விதி மாறுவது வேறொரு சிக்கல். எத்திலீன் ஆக்சைடு என்னும் வளியைச் செலுத்தி நறுமணப் பொருள்களில் உள்ள கிருமிகளைக் கொல்லலாம். சால்மொனெல்லா கிருமியை அஞ்சும் அமெரிக்கா இதை அனுமதிக்கிறது. எச்சமாகக் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை ஏற்றுக்கொள்கிறது. ஐரோப்பா இந்த வளியையே உணவில் தடை செய்துவிட்டது. நறுமணப் பொருள்களில் அங்கே எல்லை 0.1 மில்லிகிராம். எழுபது மடங்கு வேறுபாடு! நியூயார்க்கில் தூயது எனப்படும் மூட்டை ஹாம்பர்க்கில் குற்றவாளி. 2020-இல் நம் நாட்டு எள்ளும், 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நம் நாட்டு மசாலாப் பொடிகள் சிலவும் இந்த வளியின் பெயராலேயே சிக்கின. இதற்கு மாற்று நீராவியால் கிருமி நீக்கும் முறை. அது நல்ல முறைதான். ஆனால் இயந்திரத்தின் விலை சிறிய ஏற்றுமதியாளரின் கைக்கு எட்டுவதில்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு, ‘இந்த விதிகள் உண்மையிலேயே உடல்நலத்துக்காகவா, அல்லது ஏழை நாட்டுச் சரக்கைத் தடுக்கும் வேலியா’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் பொருளாதாரத் துறை நண்பர்கள் கேட்கவே கேட்பார்கள். வெறும் ஐயமன்று அது. 2001-ஆம் ஆண்டில் உலக வங்கி ஆய்வாளர் மூவர் ஒரு கணக்குப் போட்டார்கள். அஃப்ளடாக்சினுக்கு ஐரோப்பா கொண்டுவந்த கடுமையான எல்லையால், உலகப் பொது அளவை ஏற்பதோடு ஒப்பிட, ஆப்பிரிக்க நாடுகள் தானியம், உலர்பழம், கொட்டை வகைகளின் ஏற்றுமதியில் ஆண்டுக்கு 67 கோடி டாலர் இழக்கும் என்றும், அதனால் காக்கப்படும் உயிர் ஆண்டுக்கு நூறு கோடிப் பேரில் ஒன்று அல்லது இரண்டு என்றும் மதிப்பிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த இழப்புக் கணக்கை மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். 1995 முதல் நடைமுறையில் உள்ள உலக வணிக அமைப்பின் ஒப்பந்தமும், அறிவியல் சான்று இல்லாமல் இத்தகைய விதிகளை நிலைநிறுத்தக் கூடாது என்றே கூறுகிறது. வேலி என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது.

ஆனால் கணக்கின் மறுபக்கம் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் பழங்குடி மக்கள் வாழும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஊர்களில் மஞ்சள் காமாலையும் வயிறு வீங்குதலும் பரவின. ஊர் நாய்களும் அதே நோயால் செத்தன. 397 பேர் நோயுற்றனர். 106 பேர் இறந்தனர். காரணம், காலம் தப்பிப் பெய்த மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளம், அதிலிருந்த அஃப்ளடாக்சின். வேறு உணவு இல்லாததால் அதையே தின்றார்கள். அது கப்பல் ஏறாத சோளம். அதை நிறுத்திச் சோதிக்க எந்தத் துறைமுகமும் இல்லை.

இதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் ஓர் ஏற்றுமதியாளரிடம் கேட்டேன். ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் அவருடைய சரக்கை மறுத்திருந்தார்கள். அப்படி மறுத்தால் அதை அழிக்கலாம், அல்லது திரும்ப எடுத்துவரலாம். அந்த மறுப்புச் செய்தி, 1979 முதல் ஐரோப்பிய நாடுகள் நடத்திவரும் விரைவு எச்சரிக்கை வலையில் ஏறி எல்லா நாடுகளுக்கும் தெரிந்துவிடும். அடுத்து வரும் சரக்குகளுக்குச் சோதனை கூடும். அவர் கிடங்கு வாடகை, கப்பல் கூலி என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். “திரும்பி வந்த வற்றல் எங்கே போகும், அண்ணாச்சி?” என்றேன். நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நஞ்சுக்கு எல்லை வகுத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என் அண்ணனைப் பார்த்து, “தம்பி நல்லாப் படிக்கிறான் போல” என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தார்.

ஆகையால்தான், கடைசியில் போடும் சோதனையைவிடக் களத்தில் விரிக்கும் தார்ப்பாயை நான் உயர்வாக மதிக்கிறேன். சோதனையில் தவறிய வற்றல் யாருடைய குழம்பிலாவது சேரக்கூடும். தார்ப்பாயில் காய்ந்த வற்றல் எந்த ஊர்க் குழம்புக்கும் நல்லதே.

கமுதிக்கு அருகில் ஒரு ஊரில், சென்ற கோடையில் எங்கள் அலுவலகம் ஒரு கூட்டம் நடத்தியது. மண் தரையில் காயப் போடாதீர்கள், மழைக்கு முன் மூடுங்கள் என்று அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு அப்பத்தா எழுந்து, “எல்லாஞ் சரி ராசா. பாய் யாரு வாங்கித் தருவா? பாயில காஞ்சதுக்கும் மண்ணுல காஞ்சதுக்கும் மண்டியில ஒரே வெலதான போடுறான்?” என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு மூன்று ஏற்றுமதியாளர்களிடம் அலைந்தார். இருவர் பார்க்கலாம் என்றார்கள். ஒருவர் மட்டும், பாயை முன்பணமாகத் தருவதாகவும், ஈரமானியில் 11-க்குக் கீழே காட்டும் வற்றலுக்கு மண்டி விலைக்கு மேல் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டித் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். அந்த ஊரில் பன்னிரண்டு வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அப்பத்தாவின் சாக்குக்கு எண் 7.